பின்பக்கத்தையும் காட்டுங்க

யாரோ ஒருத்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்ததை வாங்கி, நாலு நாள் நம்மிடம் வைத்திருந்து, நாம் தொட்ட அடையாளமே தெரியாமல் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் பிரேம் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, பரிசுச் சான்றிதழ் எல்லாம் என் வீட்டுக்காரர் பார்ப்பார். துணியில் செய்த வேலை என்றால் என்னிடம் வரும். கம்பளி நூலில் புடைத்து நிற்கும் மயில், ரிப்பனை மடித்துச் செய்த ரோஜா, உள்ளே பஞ்சு வைத்து உப்பவிட்ட யானை, இதையெல்லாம் சாதாரணப் படம் மாதிரி கண்ணாடி வைத்து அமுக்கினால் அப்பளமாகிவிடும். பெட்டி போல ஆழமான பிரேம் வேண்டும். துணியில் பசை படக் கூடாது. அட்டையோடு சேர்த்து, வெளியே தெரியாத தையலில் நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட்டில் ஆறு வருஷம் இருந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. பார்க்கிற பார்வைதான் கஷ்டம். தையல் கடையோ, வாட்ச் ரிப்பேரோ, செல்போன் ரிப்பேரோ, அடுத்தவர் பொருளைக் கைநீட்டி வாங்குகிற தொழிலில் நீங்கள் இருந்தால், நான் எந்தப் பார்வையைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நாம் வாங்கும்போது ஒரு பார்வை, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பார்வை. இரண்டுக்கும் நடுவில் நாம் தூங்கும்போதுகூட அந்தப் பார்வை முதுகில் இருக்கும்.

மூன்று மணி

எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து பேச்சியம்மா என்று ஒருவர் கம்பளி மயில் ஒன்று கொண்டுவந்தார். தோகை முழுக்கக் கண்ணாடி மணி. மழை தப்பி விதைப்பு இல்லாமல் போன வருஷம் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் செய்ததாம். மயிலோடு ஒரு தாளும் கொடுத்தார். அதில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. மணிகளின் எண்ணிக்கை. அதற்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

நாலாம் நாள் வந்தார். பிரேமை மேசையில் படுக்க வைக்கச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். நடுவில் யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். வந்த இரண்டு வாடிக்கையாளர்களை என் வீட்டுக்காரர் சைகையாலேயே பேசி அனுப்பினார். எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தவரின் முகம் சரியில்லை. மறுபடியும் எண்ணினார். ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து வந்தது. எனக்கு உயிர் வந்தது. கம்பளிச் சுருளுக்கு அடியில் மூன்று மணி மறைந்து கிடந்திருக்கும், துணியை இழுத்துத் தைத்ததும் வெளியே வந்திருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிரேமை எடுத்துக்கொண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார்.

"கொறஞ்சிருந்தா களவாண்டுட்டீங்கன்னு தெரிஞ்சு போயிரும். கூடியிருக்கே, இத எதுக்குப் போட்டீங்க?"

கேமரா

இந்த எண்ணிக்கை விவகாரத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கடைக்குள் ஒரு கேமரா மாட்டினார். நான் தைக்கிற மேசைக்கு நேர் மேலே. யார் வந்து என்ன கேட்டாலும் படத்தைக் காட்டிவிடலாம், இனி நிம்மதி என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மகளிர் குழுத் தலைவி ஒருவர், குழுவில் செய்த ரிப்பன் பூ வேலைகள் நாலைந்தைக் கொண்டுவந்தவர், அண்ணாந்து அதைப் பார்த்தார். அது எடுக்கிற படம் எங்கே தெரியும் என்று கேட்டார். வீட்டுக்காரர் செல்போனில் என்றேன். உன் போனில் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். அன்று சாயங்காலமே என் போனிலும் அதை ஏற்றித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன் என்பது வேறு விஷயம். தலைவி பூக்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டது இது:

"அது எங்களப் பாக்கவா, இல்ல ஒங்க வீட்டுக்காரர் ஒங்களப் பாக்கவா?"

ஒரு விரல் இடைவெளி

ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார் ஒருவர், சென்னையில் இருக்கிற மகள் செய்து அனுப்பிய ஆட்டு மந்தையைக் கொண்டுவந்தார். பதினோரு ஆடு, எல்லாம் கத்தரித்துவிட்ட கம்பளியில் புசுபுசுவென்று நின்றது. கண்ணாடிக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுவோம் சார் என்றேன். சட்டைப் பையிலிருந்து அரையடி ஸ்கேலை எடுத்தார். இடைவெளி விட்டால் பிரேம் எவ்வளவு ஆழம், அதற்கு மரம் எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் பார்த்துவிட்டு, கூடுதல் மரத்தை விற்றுத் தள்ளத்தான் இந்த இடைவெளி என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணாடி கம்பளியில் பட்டால் மழைக்காலத்தில் வேர்க்கும் என்று சொல்லிப் பார்த்தேன். முப்பது வருஷம் ஈரப்பதம் பற்றிப் பாடம் நடத்தியவர் தாம் என்றார். அவர் சொன்னபடியே ஒட்டிப் போட்டுக் கொடுத்தோம்.

ஐப்பசி மழை முடிந்ததும் பிரேமோடு வந்தார். ஆடுகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை அமுக்கிக்கொண்டு நின்றன. நாலு ஆட்டின் முதுகில் பழுப்புக் கறை வேறு. பசை தடவினீர்களா என்று கேட்டுக் கண்ணாடியை மோந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் முதல் நாள் நடந்த பேச்சை மெதுவாக நினைவுபடுத்தினார். வாத்தியார் பிரேமை என் பக்கம் நகர்த்தினார். நான் பிரித்து, நிழலில் உலர்த்தி, பல் தேய்க்கிற மெத்தென்ற பிரஷ்ஷால் ஒவ்வொரு ஆடாகச் சீவிவிட்டு, இரண்டு வாரம் கழித்து இடைவெளி வைத்தே போட்டுக் கொடுத்தேன். கறை முக்கால்வாசி போய்விட்டது. ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்தார். சரியாக இருந்தது. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

"நான் தப்பாச் சொல்லுதேன்னு தெரிஞ்சும் சரின்னு தலையாட்டியிருக்கீங்கன்னா, அதுல ஒங்களுக்கு என்னமோ இருந்திருக்கு."

வெள்ளைத் துணியைப் பிரித்தது

இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. ஒருநாள் முற்பகலில் இரண்டு பெண்கள் வந்தார்கள், அக்காவும் தங்கையும். அக்காவின் மகனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. நிச்சயத்தன்று பெண் வீட்டில் கொடுத்ததாக ஒரு பூக்கூடையை மேசையில் விரித்தார்கள். ரிப்பன் ரோஜாக்கள், இலைகள் எல்லாம் துணியைவிட்டு விரல் உயரம் எழும்பி நின்றன. நல்ல வேலை. பிரேம் போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று அளவெடுக்க டேப்பை எடுத்தேன். தங்கைக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினார். பெண் தன் கையாலேயே செய்ததாகச் சொன்னார்களாம். உங்களுக்குப் பார்த்தால் தெரியும் அல்லவா என்றார். இதில் பொய் சொல்லியிருந்தால் வயது, படிப்பு, வேலை எல்லாவற்றிலும் சொல்லியிருப்பார்கள் என்று அக்காக்காரி சேர்த்துக்கொண்டார்.

எங்கள் தொழிலில் முன்பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பின்பக்கம்தான் பேசும். முடிச்சு எப்படி, நூலை எங்கே வெட்டியிருக்கிறார்கள், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு எப்படிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதெல்லாம் கையெழுத்து மாதிரி. இந்தப் பூக்கூடையின் பின்பக்கத்தை வெள்ளைத் துணி வைத்து மூடித் தைத்திருந்தது. பிரியுங்கள் என்றார்கள். நான் அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பிரேம் போடுவதற்கு எப்படியும் பார்க்கத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பிளேடு எடுத்து மூன்று பக்கம் பிரித்துவிட்டேன்.

கூடையின் இடது பாதி ஒரு கை. முடிச்சு சின்னது, நூல் ஒட்ட வெட்டியது. வலது பாதி வேறு கை. முடிச்சு மேல் முடிச்சு, நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. இரண்டு பேர் செய்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் இல்லை, கைவேலைதான் என்று சொன்னேன். அவள் கையா என்று கேட்டார்கள். துணியில் பேர் எழுதியிருக்காதே அம்மா என்றேன். பிரேம் வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம் என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளைத் துணி ஒரு பக்கம் மட்டும் ஒட்டித் தொங்கிக்கொண்டு போனது.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். மாலதி என்று பேர் சொன்னாள். பூக்கூடை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. தன்னுடைய அம்மா பிரேம் கடையில் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள் என்று மாப்பிள்ளையே போனில் சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அவர்கள் பிரித்தார்களா, நீங்கள் பிரித்தீர்களா? நான்தான் என்றேன். ஹெல்மெட்டின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள். வலது பாதி அவளுடைய அம்மா செய்தது. அம்மாவுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். மகள் கொண்டுபோகிற பொருளில் தானும் கொஞ்சம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். பின்னால் கோணலாகக் கிடக்கிற நூலைப் பார்த்து அம்மா வருத்தப்படக் கூடாது என்றுதான் மாலதி வெள்ளைத் துணி வைத்து மூடியிருக்கிறாள். கேட்டிருந்தால் தானே சொல்லியிருப்பேன் என்றாள்.

இரண்டு கை என்று எனக்குத் தெரிந்ததா என்று கேட்டாள். தெரிந்தது, ஆனால் சொல்லவில்லை என்றேன். நல்லது செய்ததாக ஒரு நினைப்பு எனக்கு உள்ளே இருந்தது. அவள் சந்தேகமாகப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க உங்களுக்கு என்ன, நான் உங்களுக்கு யார் என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பெண் வீட்டிலிருந்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிளேடு பிடித்த கையை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து மாலதி பூக்கூடையோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னால்தானே என்று கேட்டேவிட்டேன். நான் பிரித்ததால் இல்லை, அவர்கள் பிரிக்கச் சொன்னதால் என்றாள். அந்த வெள்ளைத் துணியை முழுதாக எடுத்துவிட்டு, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி போடச் சொன்னாள். அப்படி ஒரு பிரேம் அதற்கு முன்னால் நாங்கள் செய்ததில்லை. அட்டையின் நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி, ஓரத்தை மட்டும் தைத்து நிறுத்த ஒரு வாரம் பிடித்தது. அவள் வந்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் முடிச்சுகள் இருக்கிற இடத்தில் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"இனிமே பொண்ணு பாக்க வாரவிய யாரும் பிரிக்க வேண்டாம்க்கா. திருப்பிப் பாத்துக்கிடட்டும்."

மாட்டு வண்டிக்குப் பங்கு

ஓட்டப்பிடாரம் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலம் பங்கு வைத்து முடிந்து, வீட்டுச் சாமான் பங்கு நடந்துகொண்டிருந்தது. மிஞ்சியது ஒரு சுவர்த் தொங்கல். பழைய சேலைக் கரைகளை மடித்து மடித்து, சாக்குத் துணிமேல் வைத்து அவர்களுடைய அம்மா தைத்த மாட்டு வண்டி. நாலு முழ நீளம். மாடுகளின் திமில் உள்ளங்கை உயரத்துக்கு எழும்பி நிற்கும். காலையில் அண்ணன் அதைக் கடையில் கொண்டுவந்து போட்டு, சரிபாதியாக வெட்டி இரண்டு பிரேம் போட வேண்டும் என்றார். வெட்டினால் மடிப்புகளைப் பிடித்திருக்கிற நூல் அறுந்து எல்லாம் உதிர்ந்துவிடும், வெட்ட மாட்டேன் என்றேன். மத்தியானம் தம்பி வந்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். வெட்டக் கூடாது என்று அண்ணன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், முழுசாக அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்றார். சாயங்காலம் அண்ணன் போன் செய்து, தம்பி வந்தானா, வெட்ட வேண்டாம் என்று அவன் ஏதும் சொன்னானா என்று விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவே மினி பஸ் பிடித்து வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. தான் உயிரோடு இருக்கும்போதே தன்னைக் கேட்காமல் தன் வண்டிக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் தெரியவந்திருக்கிறது. ஒரே பிரேமாகப் போடு, எந்த வீட்டில் மாட்டுவது என்று நான் முடிவு சொல்கிறவரை உன் கடைச் சுவரிலேயே இருக்கட்டும் என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அன்றைக்குப் புறப்படும்போது வாசல்வரை போனவர், வண்டியை ஒரு தடவை, என் வீட்டுக்காரரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா, ஒங்களுக்கு ஆம்பளப் பிள்ளைக எத்தன?"

மூன்று செவ்வாய்க்கிழமை

இதுவரை மற்றவர்கள் சந்தேகத்தைச் சொன்னேன். இனி என்னுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஐம்பது ஐம்பத்தைந்து வயது ஆள் ஒருவர் கடைக்குள் வந்தார். லேசாகக் காலைத் தாங்கி நடந்தார். என்ன மரம், எப்படித் தைக்கிறீர்கள், பின்னால் எதை வைத்து மூடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் வாங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்து, நான் ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பியை அட்டையில் தைப்பதை அரை மணி நேரம் நின்று பார்த்தார். மூன்றாவது செவ்வாய்க்கிழமை போனை எடுத்துப் பிரேமின் பின்பக்கத்தைப் படம் பிடித்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகப் பிரேம் கடை வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. நம் வேலையைக் களவு பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வரி ஆபீசாக இருக்குமோ என்று என் வீட்டுக்காரருக்குப் பயம். நான் தைத்துக்கொண்டிருந்ததைத் துணி போட்டு மூடிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் அண்ணாச்சி என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் வெளியே போய், டீக்கடையில் கொடுத்து வைத்திருந்த உரச்சாக்கைக் கொண்டுவந்தார். அதற்குள்ளிருந்து எடுத்து விரித்ததைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். கோடைக் கரிசல் காடு. கறுப்புக் கம்பளியைக் கட்டி கட்டியாக அடர்த்தியாகத் தைத்து, வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் அடியில் உள்ள சாக்குத் தெரிகிற மாதிரி விட்டிருந்தது. மூலையில் களத்தில் காயும் மிளகாய், ஒவ்வொன்றும் ஒரு சிவப்பு முடிச்சு. யார் செய்தது என்று கேட்டேன். வீட்டுக்காரி என்றார். பேர் எழுதி ஒட்டட்டுமா என்றேன். அவசரமாக வேண்டாம் என்றார். குளத்தூர், ராமசாமி என்று சொல்லி, ரொம்ப யோசித்து ஒரு போன் நம்பரும் கொடுத்தார்.

அவர் போன பிறகு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பெரிய பெரிய முடிச்சு. சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் செய்தது. மிளகாய் மூட்டைக்கு வாய் கட்டுகிற முடிச்சு. பெண்கள் யாரும் பூ வேலைக்கு அந்த முடிச்சுப் போட்டு நான் கண்டதில்லை. பேர் வேண்டாம் என்கிறார், நம்பர் கொடுக்க யோசிக்கிறார், யாருடையதையோ எடுத்து வந்துவிட்டார் என்று என் புத்தி போனது. பிரேமுக்கு என்ன கலர் என்று கேட்கிற சாக்கில் மறுநாள் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் களத்துக்குப் போயிருந்தார். மனைவி எடுத்தார். நீங்கள் செய்த கம்பளி வேலை பற்றித்தான் என்றேன். எந்தக் கம்பளி வேலை, என் வீட்டில் ஊசியே கிடையாது என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அந்த அம்மா கடைக்கு நேரிலேயே வந்தார். வேலம்மாள் என்று பேர். முகம் வெளுத்துப் போயிருந்தது. அது எந்தப் பொம்பிளை செய்தது என்று கேட்டார். அப்போதுதான் நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து ராமசாமி எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தாராம். வேலம்மாள் காட்டு வேலைக்குப் போய்விட்டு வருவார். பகலில் வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருந்த கறுப்புக் கம்பளி காணாமல் போயிற்று. வேலம்மாளுடைய பழைய சிவப்புச் சேலை ஒன்று காணாமல் போயிற்று. கேட்டால் தெரியாது என்றாராம். யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று உள்ளுக்குள்ளேயே வைத்து வெந்துகொண்டிருந்தவருக்கு, வீட்டுக்காரி செய்தது என்று நான் போன் செய்திருக்கிறேன்.

துணியை எடுத்து மேசையில் குப்புறப் போட்டேன். வேலம்மாள் குனிந்தார். ஒரு முடிச்சை விரலால் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். வீட்டு மூட்டைகளில் புருஷன் போடுகிற அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் இருபத்தைந்து வருஷமாகப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாராம். திருப்பிப் போட்டார். கறுப்பைத் தடவினார், அது கம்பளி. மிளகாயைத் தடவினார், அது சேலை. ஸ்டூலில் உட்கார்ந்து, வாயைச் சேலையால் மூடிக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத குரலில் பேசினார். ஆம்பிளை ஊசி பிடித்தான் என்று ஊரில் சிரிப்பார்கள் என்று பயந்திருப்பார் என்றார். செய்தது நான் என்று அவர் சொன்னார் அல்லவா, அது அப்படியே இருக்கட்டும், நான் வந்ததை மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு போனார்.

சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ராமசாமி வந்தார். பின்பக்கம் மூடியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்திப் பார்த்தார். யாரும் பார்த்தார்களா என்று கேட்டார். கடைக்கு வந்த ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். பிரேமை உரச்சாக்கில் பத்திரமாகச் சுற்றிக் கட்டினார், அதே முடிச்சுதான். தூக்கிக்கொண்டு கிளம்பியவர், சட்டென்று என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நேத்து எம்பொண்டாட்டி தானாப் போயி எட்டுக் கலர்ல கம்பளி நூலு வாங்கியாந்து என் கட்டில்மேல வச்சிருக்கா. நீங்க ஏதும் சொன்னீங்களாம்மா?"

இத்தனை வருஷமாக எங்கள் பிரேமைத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர்கள் எல்லாரும் துணி வேலையைத்தான் ரசிக்கிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் அந்தக் கண்ணாடியில் தெரிகிற, தங்களுக்குப் பின்னால் நிற்கிற என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.